மஸ்கட்டுக்குப் போன கரிமீன்

புதன்கிழமை காலையில் மீன்காரன் சுகுணன் ஏலிக்குட்டியிடம் பேரமே பேசவில்லை. அவள் சொன்ன விலைக்குத் தலையை ஆட்டினான். பெட்டியில் ஐஸுக்கு அடியில் கையை விட்டு, கள்ளுக்கடைக்காரன் சொல்லிவைத்திருந்த உள்ளங்கை அகலக் கரிமீன்களாகப் பொறுக்கி எடுத்து அவளுடைய சட்டியில் போட்டான். எடை போட்ட பிறகு மேலே இன்னும் இரண்டு வைத்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

"பாத்தியாடி ஆன்சி?" சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் அடுக்களைக்கு வந்தாள். "இத்தனை வருஷமா எங்கிட்ட மல்லுக்கட்டுறவன், இன்னைக்கு வாயத் திறக்கல. அம்மச்சி பேச்சுன்னா இப்பத்தான் பயம் வந்திருக்கு அவனுக்கு."

மகள் ஆன்சி சிரித்தாள். சிரிக்க வேண்டும் என்பது அவளுக்கு நினைவிருந்தது.

சுகுணனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டுமா, காயல்கரையில் அந்த வளைவு முழுக்கத் தெரியும். ஏலிக்குட்டியின் மகன் சிபி, மஸ்கட்டில் ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன், திங்கட்கிழமை விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டான். நெஞ்சுவலி என்றார்கள். முப்பத்துநாலு வயது. கூட இருந்தவர்கள் வேலைக்கு எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டுக் கிடந்ததாம். அன்று மதியத்துக்குள் செய்தி கரைக்கு வந்து, கடை கடையாக, வள்ளம் வள்ளமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெற்றவளுக்கு மட்டும் தெரியாது.

எங்கள் பக்கம் இது வழக்கம்தான். கடலுக்கு அக்கரையில் ஒருவன் செத்தால், உடம்பு வந்து சேரும்வரை அம்மாவிடம் சொல்ல மாட்டோம். ஆம்புலன்ஸ் முக்குத் திரும்பும்போதுதான் நாலு பெண்கள் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். அதுவரை டிவி கேபிளைப் பிடுங்கிவிடுவோம். பேப்பர்க்காரனைக் கேட்டோடு திருப்பி அனுப்பிவிடுவோம். போனை ரிப்பேர் என்று வாங்கிக்கொண்டு போய்விடுவோம். ஒரு கல்யாணத்தை நடத்துகிற சாமர்த்தியம் வேண்டும் இதற்கு. ஏன் இப்படி என்று கேட்டால், காலம் பூரா அழப்போகிறவள், கொஞ்சம் தாமதமாக ஆரம்பிக்கட்டுமே என்பார்கள். சொல்கிறவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், அதுதான் தொல்லை.

இந்த வீட்டில் அப்படி முடிவெடுத்தவன் மருமகன் வர்கிச்சன், ஆன்சியின் புருஷன். உடம்பு சனிக்கிழமைதான் வந்து சேரும் என்றிருந்தார்கள். ஏலிக்குட்டிக்கு முந்தின வருஷம் இதயத்தில் அடைப்பு எடுத்திருந்தார்கள். "இப்பச் சொன்னா, சனிக்கிழமை ஒரு பெட்டியில்ல, ரெண்டு பெட்டி ஆயிடும்" என்றான். ஆன்சியால் அதற்குமேல் வாயைத் திறக்க முடியவில்லை. திங்கட்கிழமை சாயங்காலமே ஒரு பையில் நாலு துணியை அடைத்துக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே வர்கிச்சனும் வந்து சேர்ந்தான்.

முன்னால் மகள், பின்னால் மருமகன் என்று வந்ததைப் பார்த்ததும் ஏலிக்குட்டி தானாக ஒரு கதை கட்டிக்கொண்டாள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. மகள் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள், மருமகன் சமாதானம் பேச வந்து வாசலில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆன்சியின் வீங்கிய கண்ணுக்கும் அதுவே காரணமாகப் போயிற்று.

"என்னடி பண்ணினான் உன் அச்சாயன்? எங்கிட்டச் சொல்லு, காதப் பிடிச்சுத் திருகுறேன்" என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆன்சி ஒன்றுமில்லை என்றால், "ஒண்ணுமில்லாமலா சோறு எறங்க மாட்டேங்குது" என்பாள். வர்கிச்சனுக்கு மட்டும் இரண்டு கரண்டி அதிகம் பரிமாறி, "மனுசன் பாவம், எளைச்சுப் போயிட்டான்" என்று மகளுக்குக் கேட்கும்படி சொல்வாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு விழுங்குவான்.

மீன் விஷயம் அதற்கு முன்பே பேசிவைத்தது. அடுத்த வீட்டுக் குரியச்சனும் மஸ்கட்டில்தான் வேலை செய்கிறான். லீவு முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறான். சிபிக்கு ஒரு பெட்டி மீன் கொண்டுபோக வேண்டும் என்று ஏலிக்குட்டி அவன் வந்து இறங்கிய அன்றே வாக்கு வாங்கியிருந்தாள். செவ்வாய்க்கிழமை அந்தப் பையன் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"அம்மச்சி, வெயிட்டு ஜாஸ்தியாயிடுச்சு. ஏர்போர்ட்டுல விட மாட்டாங்க."

"ஓஹோ. உன் கல்யாணத்துல மூணு பந்திக்கும் ஓடி ஓடி வெளம்பினது யாருடா? என் சிபி. அவனுக்கு நாலு மீன் கொண்டுபோக இப்ப உனக்குக் கனக்குதா? உன் பொண்டாட்டி கட்டிக்குடுத்த பலாச்சக்கை வறுவல்ல பாதிய எறக்கி வைடா. தின்னு தின்னு தொப்பைதான் வந்திருக்கு."

குரியச்சன் அவள் தலைக்கு மேலாகப் பார்த்தான். அங்கே நின்ற வர்கிச்சன் கண்ணை மூடித் திறந்தான். வாங்கிக்கொள் என்று அர்த்தம்.

"சரி அம்மச்சி. குடுங்க. கொண்டுபோறேன்" என்றான் குரியச்சன். சொல்லிவிட்டு வேகமாகத் தன் வீட்டுக்கு நடந்தான்.

இப்படித்தான் புதன்கிழமை காலையில், கிணற்றடியில், அம்மாவும் மகளும் எதிரும் புதிருமாகக் குந்தியிருந்து செத்துப்போனவனுக்கு மீன் கழுவினார்கள்.

ஏலிக்குட்டி செதிலைச் சுரண்டி, கல்லுப்பைப் போட்டு மண்சட்டியின் சொரசொரப்பில் மீனை உரசினாள். கருப்புத்தோல் வெளுத்து வரும்வரை விட மாட்டாள். ஆன்சி வாங்கி, வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்து, இரண்டு பக்கமும் சாய்வாகக் கீறல் போட்டாள். அவள் கை பழகிய கைதான். ஆனாலும் அன்றைக்குக் கத்தி நிற்க மாட்டேன் என்றது.

"எலும்பு வரைக்கும் போகாதடி. கீறல் ஆழமானா ஃப்ரீசர்ல சதை பிரிஞ்சு போகும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"பாதி வறுத்துக் குடுத்துடலாமே அம்மச்சி. எல்லாரும் அப்படித்தானே அனுப்புறாங்க."

"எல்லாரும் அனுப்பட்டும். வறுத்தத அனுப்பினா அவன் சூடு பண்ணித் திம்பான், அவ்வளவுதான். பச்சையா மசால் பெரட்டி உறைய வச்சுக் குடுத்தா, அங்க சட்டியில போடும்போது வாசனை வரும் பாரு. அந்த வாசனைதான் அம்மச்சி. மீன் கிடைக்காத ஊரா அது?"

வேலிக்கு அந்தப்பக்கமிருந்து சாவித்திரி எட்டிப் பார்த்தாள். வேலிக் கம்பு ஒன்று இந்தப்பக்கம் நகர்ந்தது என்று போன ஓணத்திலிருந்து இவர்களோடு பேச்சில்லை. இப்போது கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு, "ஏலிச்சேச்சி, மசாலுக்கு வேணும்ல" என்றாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. கொடுத்துவிட்டு உடனே போய்விட்டாள்.

ஏலிக்குட்டிக்குக் கண் விரிந்தது. "என்னடி நடக்குது இந்த ஊர்ல? சுகுணன் அடங்கிட்டான், சாவித்திரி எறங்கி வந்துட்டா. காலையில வழியில சர்ச் அச்சனப் பாத்தேன், வண்டிய நிறுத்தி எறங்கி வந்து தலையில கைவச்சு ஜெபிச்சுட்டுப் போறாரு. நான் கேக்கவேயில்ல. எனக்கு ஏதோ நல்ல காலம் பொறக்கப்போகுது."

ஆன்சி மீனின் வயிற்றுக்குள் விரலை விட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே கழுவிய மீன்தான் அது.

மசாலை ஏலிக்குட்டி மிக்ஸியில் அரைக்கவில்லை. சிபிக்கு என்றால் அம்மிதான். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, குருமிளகு, கறிவேப்பிலை, நல்ல சிவப்பு மிளகாய்த்தூள், மஞ்சள். எலுமிச்சையைப் பாதிதான் பிழிந்தாள், கூடினால் உறைந்து கிடக்கும்போது மீன் மாவாகிவிடும். உப்பையும் ஒரு சிட்டிகை குறைத்தே போட்டாள். நாள் ஆக ஆக உப்பு உள்ளே இறங்கும் என்பது கணக்கு. கடைசியில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்தாள். இதெல்லாம் அவளுக்குச் சிபி மஸ்கட்டுக்குப் போன பிறகு பழகியது. முதல் வருஷம் அனுப்பிய மீன் கசந்துபோய்க் குப்பைக்குப் போனதாம். அடுத்த தடவை அவன் போனில் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாகத் திருத்தித் திருத்தி, இப்போது ஒரு மாசம் வைத்திருந்தாலும் நேற்றுப் பிடித்த மீன்போல இருக்கும்.

கீறலுக்குள் மசாலை விரலால் அழுத்திக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"ஆன்சி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் அச்சாயன்கிட்ட சொல்லாத."

"என்ன அம்மச்சி?"

"ஞாயித்துக்கிழமை சிபி கூப்பிட்டான். எனக்கு அலுத்துப்போச்சு அம்மச்சி, போதும், நான் திரும்பி வந்துடறேன்னான். உடம்புக்கு முடியலையாடா உனக்குன்னு கேட்டேன். அதெல்லாம் இல்ல, சும்மா, வீட்டுல வந்து இருக்கணும்போல இருக்குன்னான்." ஏலிக்குட்டி மசால் கையைத் தொங்கவிட்டுக்கொண்டாள். "எனக்கு என்ன பேய் பிடிச்சதோ தெரியலடி. அன்னைக்குக் கொல்லைப்பக்கச் சுவர் இடிஞ்சு விழுந்திருந்துச்சு, அந்தக் கோவம். இங்க வந்து என்னத்தடா பண்ணுவ, கவுந்தடிச்சுப் படுத்துக்கிடப்பியா, வெறுங்கையோட வர்றதா இருந்தா இந்தப் படி ஏறாதன்னு சொல்லிட்டேன்."

ஆன்சி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். சரி அம்மச்சி, வரலன்னான். வச்சுட்டான்."

கிணற்றடியில் காக்கை வந்து மீன்குடலை இழுத்தது. இரண்டு பேரும் விரட்டவில்லை.

"நான் அன்னைக்கு ராத்திரியே கூப்பிட்டேன். எடுக்கல. திங்கக்கிழமை காலையில எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? எடுக்கவேயில்ல. அப்பறம் இந்தப் போனும் கெட்டுப்போச்சு. அவனுக்கு எம்மேல தீராத கோவம். சின்ன வயசிலயும் அப்படித்தான், கோவம் வந்தா சத்தமே போட மாட்டான், பேசாம இருந்தே கொல்லுவான். பெத்தவ வாயிலருந்து வர்ற வார்த்தையா அது, படி ஏறாதன்னு?" அவள் அழ ஆரம்பித்தாள். மசால் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல், தோளைத் தூக்கி முகத்தை அதில் தேய்த்துக்கொண்டாள். "எம்பிள்ளை என்னை மன்னிப்பானாடி?"

அந்த நேரத்தில் ஆன்சி உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அது தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எதிரே அறுபத்தெட்டு வயசு அம்மா, தோளில் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மடியில் மசால் புரட்டிய மீனோடு உட்கார்ந்திருக்கிறாள். எந்த மகளாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் செய்தியைச் சொல்ல முடிந்திருக்காது. ஆன்சியின் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"அவன் எனக்குக் கூப்பிட்டான் அம்மச்சி."

"யாரு?"

"சிபிதான். நேத்து சாயங்காலம். நீங்க குளிக்கப் போயிருந்தீங்க."

ஏலிக்குட்டி வாயைத் திறந்தபடி பார்த்தாள். "நேத்தா? எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"உங்களுக்குள்ள சண்டைன்னு எனக்கென்ன தெரியும்? அவன் போன் தண்ணில விழுந்து போச்சாம். கூட இருக்கற பையன் போன்லருந்துதான் கூப்பிட்டான். அதான் நீங்க கூப்பிட்டப்ப எடுக்கல."

"கோவமா இருந்தானா?"

"கோவமா? சிரிச்சான் அம்மச்சி. அம்மச்சி வாய் அப்படித்தான், வாயும் மனசும் வேற வேறன்னு எனக்குத் தெரியாதான்னான்."

"அப்படியா சொன்னான்?"

"அப்படித்தான் சொன்னான். குரியச்சன்கிட்ட மீன் வருதுல்ல, ஏமாத்திடப் போறீங்கன்னும் சொன்னான்."

ஏலிக்குட்டி கேட்கக் கேட்க ஆன்சி சொல்லிக்கொண்டே போனாள். சாப்பிட்டானா? சாப்பிட்டானாம், அங்கே இப்போது சமையல் முறை ஒரு தலச்சேரிக்காரனுடையதாம், எல்லாத்திலும் தேங்காய்தானாம். குரல் எப்படி இருந்தது? கொஞ்சம் ஜலதோஷம்போல. முடி வெட்டினானா? அதெல்லாம் நான் எப்படி அம்மச்சி கேட்பேன். ஒவ்வொரு பொய்யும் தானாக வந்தது. தம்பி எப்படிப் பேசுவான் என்பது அவளுக்கு அத்தனை நன்றாகத் தெரிந்திருந்தது. அம்மாவுக்காக ஆரம்பித்த பேச்சில் பாதிவழியில் அவளுக்கே தம்பி திரும்பக் கிடைத்துவிட்டான். அவன் சிரிப்பது காதில் விழுந்தது. இன்னும் கேட்கட்டும், இன்னும் கொஞ்சம் கேட்கட்டும் என்று இருந்தது.

ஏலிக்குட்டியின் முகம் வெளுத்துவந்த மீன்தோல்போலப் பளிச்சென்று ஆகிவிட்டது. "என் தங்கமே" என்றாள். மகளையா மகனையா என்று தெரியவில்லை. எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். உப்பு பார்க்க வேண்டுமாம். சுகுணன் மேலாக வைத்த இரண்டில் ஒன்றை எடுத்து எண்ணெயில் இட்டாள். கறிவேப்பிலை பொரிந்து மணம் கூரைவரை போனது. வாசலில் இருந்த வர்கிச்சன் எழுந்து தெருவுக்குப் போய்விட்டான்.

எங்கள் வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் நாற்பத்தொன்றாம் நாள் ஜெபம் முடியும்வரை அடுப்பில் மீன் ஏறாது. திங்கட்கிழமையிலிருந்து அந்த வீட்டில் துக்கம்தான். அது தெரியாத ஒருத்தி, பொரித்த மீனை முள் பார்த்துப் பிய்த்து, சூடு ஆற ஊதி, மகள் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"ஆ காட்டு."

"வேண்டாம் அம்மச்சி."

"ஏண்டி, மூணு நாளா உன் புருஷன் கோவத்துல பட்டினி கெடக்கற. உன் தம்பி மீனையாவது தின்னு. உப்பு சரியா இருக்கான்னு சொல்லு."

ஆன்சி வாயைத் திறந்தாள். மென்றாள். விழுங்கினாள். "சரியா இருக்கு" என்றாள். ஏலிக்குட்டி மீதியைத் தான் சாப்பிட்டாள், முள்ளை உறிஞ்சி உறிஞ்சி, தலைவரை. ஆன்சி பின்பக்கம் போய் வாழைக்கு அடியில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தாள். ஏலிக்குட்டி கேட்கவில்லை. அவளாக வேறொன்று நினைத்துக்கொண்டு, அன்று முழுக்க மகளைக் கனமான பாத்திரம் எதையும் தூக்க விடவில்லை.

மசால் ஊறிய மீன்களைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்தார்கள். கல்லாக இறுகிய பிறகு இரண்டிரண்டாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, மறுபடி உள்ளே வைத்தார்கள். வியாழக்கிழமை காலையில் எடுத்து, பழைய சேலைத்துணியில் கனமாகச் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டினார்கள். பெட்டிமேல் சிபியின் பெயரை ஏலிக்குட்டியே எழுதினாள்.

குரியச்சன் காப்பி குடிக்க மாட்டேன் என்று வாசலிலேயே நின்றான். அவள் பெட்டியை அவன் கையில் வைத்தாள்.

"குரியச்சா, அவன்கிட்ட ஒரு சமாச்சாரம் சொல்லணும். அம்மச்சி வரச் சொன்னாள்னு சொல்லு. வெறுங்கையோட வந்தாலும் பரவாயில்ல, உடனே கெளம்பி வரச் சொன்னாள்னு சொல்லு. மறந்துடாத."

"சொல்றேன் அம்மச்சி."

"எப்படிச் சொல்லுவ? சொல்லிக் காட்டு."

"வெறுங்கையோட வந்தாலும் பரவாயில்ல. உடனே வரச் சொன்னாங்க." பையனுக்குக் கடைசி வார்த்தை சரியாக வரவில்லை. ஏலிக்குட்டி அதை வீட்டைப் பிரிகிற துக்கம் என்று எடுத்துக்கொண்டாள். "நீயும் ஒருநாள் வந்துடுவடா" என்று அவன் கன்னத்தைத் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஆன்சிக்குக் குரியச்சனிடமிருந்து போன் வந்தது. மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் போய் எடுத்தாள். சிபியின் ரூமில் பெட்டியை மேசைமேல் வைத்துக்கொண்டு, அவனோடு கூட இருந்த ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்களாம். என்ன செய்வது என்று தெரியவில்லையாம். எறியவும் கை வரவில்லை. "வறுத்துச் சாப்பிடுங்க" என்றாள் ஆன்சி. "அவன் இருந்தாலும் உங்களுக்குக் குடுக்காமலா திம்பான்?" அந்தப்பக்கம் ஒரு பெரிய ஆண் அழுகிற சத்தம் கேட்டது. வந்து அம்மாவிடம், மீன் போய்ச் சேர்ந்துவிட்டதாம் என்றாள். "தின்னானா?" என்றாள் ஏலிக்குட்டி. "தின்னாங்களாம்" என்றாள் ஆன்சி.

சனிக்கிழமை ஆம்புலன்ஸ் முக்குத் திரும்பியபோது அச்சனும் சாவித்திரியும் குரியச்சனின் அம்மாவும் உள்ளே வந்து ஏலிக்குட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். வர்கிச்சன் சொன்னான். அவள் ஒரு சத்தம் போட்டாள், ஒன்றே ஒன்று. அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை, மயங்கி விழவில்லை. டாக்டரைத் தயாராக வைத்திருந்த வர்கிச்சனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. முற்றத்துப் பந்தலில் பெட்டிக்குத் தலைமாட்டில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சைத்தான் பேசினாள்.

"எங்களுக்குள்ள ஒரு வாய்த்தகராறு. ஆனா எம்பிள்ளை மனசுல ஒண்ணும் வச்சுக்கல. ஆன்சிக்குப் போன் பண்ணிச் சிரிச்சுப் பேசியிருக்கான். கோவமில்லாமத்தான் போயிருக்கான். கர்த்தர் எனக்கு அதையாவது குடுத்தாரு."

கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். தேதி தெரிந்தவர்கள் ஆன்சியைப் பார்த்தார்கள். ஆன்சி தரையைப் பார்த்தாள்.

மூடுவதற்கு முன் கடைசி முத்தம். எங்கள் பக்கம் அது வெறும் முத்தமில்லை. உயிரோடு இருக்கும்போது கேட்காமல் விட்ட மன்னிப்பை அந்த நேரத்தில் காதோரம் குனிந்து கேட்டுவிடுவோம், அதற்குமேல் அவகாசமில்லை. வர்கிச்சன் குனிந்து முணுமுணுத்தான். சித்தப்பன் மக்கள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். ஆன்சி குனிந்தபோது வெறும் அழுகைதான் வந்தது. கடைசியாக ஏலிக்குட்டியைக் கொண்டுவந்தார்கள். அவள் மகனின் நெற்றியில் முத்தமிட்டாள். கன்னத்தைத் தடவினாள். "போயிட்டு வாடா மோனே. அம்மச்சிமேல கோவமில்லன்னு சொல்லிட்ட, போதும்" என்று நிமிர்ந்து, தானே விலகி நின்றாள்.

ஆன்சிக்கு அப்போது ஒரு நிம்மதி வந்தது, சொல்ல வெட்கப்படுகிற நிம்மதி. நான் சொன்ன பொய்தான் அம்மச்சியை நிற்கவைக்கிறது என்று நினைத்தாள். பெட்டியை மூடினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மெழுகுவர்த்தி ஏற்ற இரண்டு பேரும் கல்லறைக்குப் போனார்கள். மண் இன்னும் இறங்கவில்லை. தலைமாட்டில் தற்காலிகமாக ஒரு மரச்சிலுவை நட்டு, கருப்பு எழுத்தில் பெயரும் பிறந்த தேதியும் இறந்த தேதியும் எழுதியிருந்தார்கள். அடக்கத்தன்று ஏலிக்குட்டி அதைப் பார்க்கிற நிலையில் இல்லை. இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். விரல் கடைசி வரியில் நின்றது.

"இது திங்கக்கிழமையாச்சே" என்றாள்.

ஆன்சி தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாம மீன் கழுவினது புதன்கிழமை."

"ஆமா அம்மச்சி."

"நேத்து சாயங்காலம் கூப்பிட்டான்னு சொன்ன."

ஆன்சி தீப்பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"அப்ப அவன் கூப்பிடல."

"இல்ல அம்மச்சி."

"சிரிக்கவும் இல்ல."

"நீங்க அழுதீங்க. என்னால பாக்க முடியல. நான் நல்லதுக்குன்னு நெனச்சு…"

"நல்லதுக்குத்தான் சொன்ன. எனக்குத் தெரியாதா?" ஏலிக்குட்டி கோபப்படவில்லை. அவள் திட்டியிருந்தால் ஆன்சிக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். மண்மேட்டின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். "ஊரே குனிஞ்சு அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுச்சு. குரியச்சனோட அம்மா கேட்டா, அவளுக்கு எம்பிள்ளைகிட்ட என்ன தப்பு இருக்கப்போகுது? நான் ஒருத்திதான் கேக்கல. அதான் மன்னிச்சுட்டானே, எதுக்கு மறுபடியும் கேட்டு அவனக் கஷ்டப்படுத்தணும்னு நிமிந்துட்டேன். முகம் இந்தா இங்க இருந்துச்சு." அவள் தன் மார்புக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினாள். "காது இங்க இருந்துச்சு. பெட்டிய மூடறதுக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி."

ஆன்சி பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "இப்பக் கேளுங்க அம்மச்சி. அவனுக்குக் கேக்கும். கேளுங்க."

ஏலிக்குட்டி குனிந்து பார்த்தாள்.

"மண்ணுகிட்டயா?" என்றாள்.